நினைவும் அதன் சூழலும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிளிநொச்சிப் பகுதியில் உயர்தர வகுப்புக்கு உயிரியல் கற்பிக்கிறேன். நரம்புத்தொகுதி அலகைத் தொடங்கினால் மாணவர்கள் மட்டுமன்றி, அவர்களைக் கூட்டிச்செல்ல வரும் பெற்றோரும் பேரரும் கேள்வி கேட்கிறார்கள். பெரும்பாலான ஐயங்கள் ஒன்றையே சுற்றி வருகின்றன: ஒரு விடயம் நினைவில் நிற்க, அது எங்கே, எப்போது, யாரோடு நடந்தது என்பது மட்டும் ஏன் கழன்று போகிறது, அல்லது கேளாமலே ஏன் திரும்பி வருகிறது? கேட்டவர்களின் சொற்களிலேயே கேள்விகளை வைத்துப் பதில்களைக் கீழே தொகுத்திருக்கிறேன்.

"சூழல், சூழல் எண்டு சொல்லுறீங்கள் ரீச்சர், அது என்ன?"

வற்றாப்பளைப் பொங்கலுக்குப் போன இடத்தில், நெடுநாள் காணாத தோழி ஒருத்தி, தன் மகளுக்குப் பல்கலைக்கழகம் கிடைத்த செய்தியைச் சொல்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். அந்தச் செய்தி நினைவின் பொருள். வைகாசி மாதம், கோயில் வீதி, சனநெரிசல், அருகில் நின்ற சின்னம்மா, உங்களுக்கிருந்த கால்வலி ஆகிய யாவும் அதன் சூழல். இடம் மட்டும் சூழல் அன்று. நேரமும், உடனிருந்தவர்களும், மனநிலையும், அவ்வேளையில் நீங்கள் எதை எண்ணிக்கொண்டிருந்தீர்கள் என்பதும் அதில் அடங்கும்.

கனேடிய உளவியலாளர் என்டல் டல்விங் 1972இல் நிகழ்வு நினைவையும் பொது அறிவு நினைவையும் வேறுபடுத்திக் காட்டினார். வற்றாப்பளையில் கண்ணகி அம்மன் கோயில் இருக்கிறது என்பது பொது அறிவு. அதை எப்போது, யாரிடம் அறிந்தோம் என்பது நம்மில் எவருக்கும் தெரியாது, தெரியவேண்டியதும் இல்லை. தோழி சொன்ன செய்தியோ நிகழ்வு. பொருளும் சூழலும் ஒன்றாகப் பிணைந்திருந்தால்தான் "எனக்கு நடந்தது" என்ற உணர்வோடு அது திரும்பி வரும்.

"இது மூளையில எந்த இடத்தில நடக்குது?"

இரு காதுகளுக்கும் உட்புறமாக, கடைநுதற் சோணைகளின் உள்ளோரத்தில், ஹிப்போகாம்பஸ் என்ற வளைந்த பகுதி பக்கத்துக்கு ஒன்றாக இருக்கிறது. அதை ஒட்டியுள்ள மேற்பட்டைகளிலிருந்து (மேற்பட்டை என்பது மூளையின் வெளியடுக்கு) தகவல் அதற்குள் வருகிறது. பெரிரைனல் மேற்பட்டை முகம், பொருள், சொல் போன்ற "எது" என்பதைக் கையாள்கிறது. பரஹிப்போகாம்பல் மேற்பட்டை இடம், காட்சி போன்ற "எங்கே" என்பதைக் கையாள்கிறது. இரண்டு ஓட்டங்களும் என்ரோரைனல் மேற்பட்டை வழியாக ஹிப்போகாம்பஸை அடைந்து அங்கே ஒன்றோடொன்று பிணைகின்றன. பல ஆய்வாளர் ஏற்கும் விளக்கம் இது. எனினும் இந்தப் பிரிவினை வேலி போட்டதுபோல் இறுக்கமானதன்று.

நிகழ்வின் உள்ளடக்கம் முழுவதும் ஹிப்போகாம்பஸுக்குள் போய்ச் சேர்வதில்லை. கிராம சேவையாளரின் பதிவேட்டில் குடும்பங்கள் வாழ்வதில்லை. எந்த வீட்டில் யார் யார் சேர்ந்து இருக்கிறார்கள் என்ற குறிப்பு மட்டுமே அதில் உண்டு. அதுபோலக் காட்சி பார்வைப் பகுதியிலும் ஒலி கேள்விப் பகுதியிலும் இருக்க, எவை எவை ஒன்றாக நிகழ்ந்தன என்ற தொடர்பை ஹிப்போகாம்பஸ் வைத்திருக்கிறது. இப்பக்கத்தில் வரும் ஏறத்தாழ எல்லாப் பதில்களும் இந்த ஒரு செய்தியில்தான் தங்கியுள்ளன: நாம் மறதி என்று சொல்வதில் பெரும்பங்கு, பொருள் அழிந்ததால் அன்று, பிணைப்பு நெகிழ்ந்ததால் வருவது.

"ஹிப்போகாம்பஸ் இல்லாட்டி ஒண்டுமே நினைவு நிக்காதோ?"

1953இல் அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்ட் நகரில், கடும் வலிப்பு நோயால் துன்பப்பட்ட ஹென்றி மொலைசன் என்ற 27 வயது இளைஞருக்கு, வில்லியம் ஸ்கோவில் என்ற சத்திரசிகிச்சை நிபுணர் இரு பக்கத்து ஹிப்போகாம்பஸின் பெரும்பகுதியையும் அதைச் சூழ்ந்த இழையங்களையும் அகற்றினார். வலிப்பு குறைந்தது, ஆனால் அதன்பின் நடந்த எந்த நிகழ்வும் அவர் நினைவில் தங்கவில்லை. பல்லாண்டுகள் அவரைச் சந்தித்து ஆராய்ந்துவந்த உளவியலாளர் பிரெண்டா மில்னர் ஒவ்வொரு முறையும் அவருக்குப் புதியவராகவே இருந்தார். ஆயினும் கண்ணாடியில் பார்த்தபடி நட்சத்திரம் வரையும் பயிற்சியில் அவர் கை நாளுக்கு நாள் தேறியது, முந்தைய நாள் வரைந்ததே நினைவில்லாத நிலையிலும். ஸ்கோவிலும் மில்னரும் 1957இல் வெளியிட்ட கட்டுரை இத்துறையின் அடிக்கல். மொலைசன் 2008இல் காலமானார்.

இன்னொரு சான்று இதைவிட என்னைச் சிந்திக்க வைப்பது. பிறப்பிலோ குழந்தைப் பருவத்திலோ ஹிப்போகாம்பஸ் பாதிக்கப்பட்ட மூன்று இளையோரைப் பற்றி ஃபரானே வர்கா-காதெம் குழுவினர் 1997இல் எழுதினார்கள். அவர்கள் சாதாரண பாடசாலைக்குச் சென்று மொழியையும் வாசிப்பையும் பொது அறிவையும் கற்றிருந்தார்கள். அன்று பகல் என்ன நடந்தது என்று கேட்டால் மட்டும் சொல்ல முடியவில்லை. சூழலோடு பிணையாமலும் அறிவு சேரலாம்; நிகழ்வு சேராது.

"ஒரே ஒரு தரம் நடந்ததை என்னெண்டு மூளை பிடிச்சு வைக்குது? பாடம் எண்டால் பத்துத் தரம் படிக்க வேண்டிக் கிடக்கே."

ஒரே வேளையில் தொழிற்படும் நரம்புக்கலங்களுக்கிடையிலான இணைப்பு வலுப்பெறும். டிம் பிளிஸ், டெர்யே லோமோ ஆகியோர் 1973இல் முயலின் ஹிப்போகாம்பஸில் இதைக் காட்டினார்கள்: குறுகிய நேரத் தூண்டலுக்குப் பின் இணைப்பின் வலு மணிக்கணக்காக உயர்ந்தே இருந்தது. ஹிப்போகாம்பஸ் இதை விரைவாகச் செய்கிறது. மேற்பட்டை மெதுவாக, மீண்டும் மீண்டும் வந்தவற்றின் பொதுமையைத் திரட்டுகிறது. பாடத்தைப் பத்துத் தரம் படிப்பது இரண்டாவது வேலைக்கு உதவுகிறது.

ஹிப்போகாம்பஸுக்குள் இரண்டு செயல்கள் நடப்பதைக் குறித்துவையுங்கள். கீழே பல இடங்களில் அவை வரும். டென்டேட் மடிப்பு என்ற பகுதி, ஒன்றுபோல் தோன்றும் இரு நிகழ்வுகளை வேறு வேறு கலங்களில் பதியச் செய்து பிரிக்கிறது. சீஏ3 என்ற பகுதியில் கலங்கள் தமக்குள்ளேயே அடர்த்தியாக இணைந்திருப்பதால், நிகழ்வின் ஒரு துண்டு கிடைத்தாலே மிச்சத்தை எழுப்பி நிறைவாக்குகிறது. இத்தகைய எண்ணத்தை டேவிட் மார் 1971இலேயே கணித வடிவில் முன்வைத்திருந்தார்.

"இடத்தையும் நேரத்தையும் மூளை எப்பிடிக் குறிக்குது? உள்ளுக்கு மணிக்கூடு இருக்கோ?"

இடத்துக்கு விடை தெளிவானது. எலியின் ஹிப்போகாம்பஸில், அது குறித்த ஓரிடத்துக்கு வந்தால் மட்டும் தொழிற்படும் இடக்கலங்களை ஜோன் ஓகீஃப் 1971இல் அறிவித்தார். மே-பிரிட் மோசர், எட்வார்ட் மோசர் தம்பதியரின் குழு 2005இல் என்ரோரைனல் மேற்பட்டையில், தளத்தை முக்கோண வலைபோல் குறிக்கும் கலங்களைக் கண்டது. மூவரும் 2014இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள்.

நேரம் வேறு வகையானது. காத்திருக்கும் இடைவேளையின் வெவ்வேறு கணங்களில் வரிசையாகத் தொழிற்படும் நேரக்கலங்கள் ஹிப்போகாம்பஸில் உண்டு. ஆனால் அவை திகதி முத்திரை குத்துவதில்லை. சூழல் சிறிது சிறிதாக நகர்ந்துகொண்டே இருப்பதால், அடுத்தடுத்து நடந்தவை ஒத்த சூழலைப் பகிர்கின்றன. ஒன்றை நினைத்தால் அதற்கு அடுத்து நடந்தது உடன் வருவது அதனால்தான். எந்த ஆண்டு, எந்த மாதம் என்பதைப் பெரும்பாலும் காலபோக அறுவடைக்கு முன்னா பின்னா, மூத்தவன் சாதாரணதரம் எழுதிய வருடமா என்று பிற அடையாளங்களைக் கொண்டு நாமே உய்த்துணர்கிறோம்.

"நல்லாத் தெரிஞ்ச முகம், ஆனா ஆரெண்டு பிடிபடேல்லை. ஏன் இப்பிடி?"

காலையில் மோட்டார்சைக்கிளில் மீன்பெட்டியோடு ஒழுங்கைக்கு வருபவரை, வவுனியா வைத்தியசாலையில் வெள்ளைச் சட்டையோடு காண்கிறீர்கள். முகம் தெரிகிறது, ஆள் தெரியவில்லை. ஜோர்ஜ் மண்ட்லர் 1980இல் இதையே, பேருந்தில் காணும் இறைச்சிக் கடைக்காரரை எடுத்துக்காட்டாக வைத்து விளக்கினார். "பழக்கமானது" என்ற உணர்வுக்குப் பொருளைக் கையாளும் பகுதி போதும். "இன்னார்" என்று அறியப் பிணைப்பு எழவேண்டும், அதை எழுப்பும் ஒழுங்கையும் மீன்பெட்டியும் இங்கே இல்லை. முகத்தையே உற்றுப் பார்ப்பதில் பயனில்லை. இவரை வழமையாக எங்கே காண்பேன் என்று இடங்களை ஒவ்வொன்றாக மனத்தில் கொண்டுவந்தால் விரைவில் பிடிபடும்.

"அறைக்குள்ள போனபிறகு ஏன் வந்தனான் எண்டு மறந்து போகுது. இது வருத்தமோ?"

வருத்தம் அன்று. அறை மாறும்போது மூளை ஒரு நிகழ்வை முடித்து அடுத்ததைத் தொடங்குகிறது. கேப்ரியல் ராட்வான்ஸ்கியின் ஆய்வுகள் வாசலைக் கடந்தபின் நினைவு சற்றுக் குறைவதைக் காட்டின. பின்வந்த ஆய்வொன்றில் மனம் ஏற்கெனவே பாரப்பட்டிருந்தபோதுதான் அது தெரிந்தது. புறப்பட்ட இடத்துக்குத் திரும்பிப் போங்கள்.

"ஒரு மணம் பட்ட உடனே முழுக்கதையும் வருது. மற்றதுகளுக்கு ஏன் அப்பிடி வாறதில்லை?"

பார்வையும் ஒலியும் தலமசு என்ற இடைநிலையத்தைக் கடந்தே மேற்பட்டையை அடைகின்றன. மணமோ மூக்கின் மேலுள்ள மணக்குமிழிலிருந்து, அந்த இடைநிலையத்தைச் சாராமல், உணர்ச்சியைக் கையாளும் அமிக்டலாவையும் ஹிப்போகாம்பஸின் வாயிலான என்ரோரைனல் பகுதியையும் அடைகிறது. ஆகவே நிறைவாக்கும் செயல் உணர்ச்சியோடு சேர்ந்தே தொடங்குகிறது.

இன்னொரு காரணம், அந்த மணத்தோடு எத்தனை நிகழ்வுகள் பிணைந்துள்ளன என்பது. பனங்காய்ப் பணியாரத்தின் மணம் ஆண்டில் சில வாரங்களே வருவதால், அது அம்மம்மாவின் அடுக்களையை நேராகக் காட்டும். நாள்தோறும் முகரும் தேங்காயெண்ணெய் மணம் ஆயிரம் நிகழ்வுகளோடு பிணைந்திருப்பதால் எதையுமே தனித்து எழுப்பாது. மணம் கொண்டுவரும் நினைவு அழுத்தமானது. அதனால் மட்டும் துல்லியமானதென்று கொள்ளக்கூடாது.

"சோதினை மண்டபத்தில இருந்தே படிச்சால் கூடப் புள்ளி வருமோ?"

இந்த எண்ணத்துக்கு மூலமான ஆய்வு 1975இல் ஸ்கொட்லாந்தில் நடந்தது. டங்கன் கொடனும் அலன் படேலியும் சுழியோடிகளுக்குச் சொற்பட்டியலைக் கரையிலோ நீருக்கடியிலோ கேட்கவைத்தார்கள். கேட்ட இடத்திலேயே மீட்டபோது கூடுதலான சொற்கள் வந்தன. அதே இருவர் 1980இல் சொற்களைக் காட்டி "இது பட்டியலில் இருந்ததா" என்று கேட்டபோது இடத்தால் வேறுபாடு இல்லை. 1975ஆம் ஆண்டு ஆய்வை நெதர்லாந்தின் யாப் முர்ரே மீளச்செய்து 2021இல் வெளியிட்டபோது முதற்பயன் கிடைக்கவில்லை. பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால் இடத்தின் பங்கு உண்டு, ஆனால் பெரிதன்று.

மாணவருக்கு இதிலிருந்து சொல்லக்கூடியது மூன்று. பல்தேர்வு வினாவில் விடையே கண்முன் இருப்பதால் இடம் அதிகம் பொருட்டன்று. கட்டுரை வினாவில் சிறிது பொருட்படும். ஸ்டீவன் ஸ்மித் 1979இல் காட்டியதுபோல், படித்த அறையை மனத்தில் கொண்டுவந்தாலே அங்கு போய் இருந்ததற்கு நிகரான பயன் கிடைக்கிறது. மண்டபத்தில் ஒரு நிமிடம் கண்மூடி அதைச் செய்யலாம். அவரும் கிளென்பெர்க், பியோர்க் ஆகியோரும் 1978இல் ஒரே பட்டியலை இரு வேறு அறைகளில் படித்தவர்கள் புதிய அறையில் கூடுதலாக மீட்டதைக் கண்டார்கள். ஆகவே தனியறையும் மேசையும் இல்லாமல் ஒருநாள் விறாந்தையிலும் ஒருநாள் மாமர நிழலிலும் ஒருநாள் நூலகத்திலும் படிக்கும் பிள்ளை இந்த வகையில் எதையும் இழக்கவில்லை. இடத்தைவிடப் பெரிய பயன் தருவது, புத்தகத்தை மூடித் தன்னைத் தானே கேட்டுப் பார்ப்பது.

"குளிசை போட்டனானோ இல்லையோ எண்டு ஒவ்வொரு நாளும் சந்தேகம். எனக்கு மறதி வந்திட்டுதோ?"

ஒரே மேசை, ஒரே நேரம், ஒரே தண்ணீர்க்குவளை: சூழல் நாள்தோறும் ஒன்றாக இருந்தால், மேலே சொன்ன பிரிக்கும் செயலுக்குப் பிடிமானம் கிடைப்பதில்லை. குளிசை விழுங்கிய நினைவு இருக்கிறது. அது இன்றையதா நேற்றையதா என்ற பிணைப்புத்தான் இல்லை. வயது ஏற ஏறப் பிரிக்கும் செயல் தளர்வதும் உண்மை. சந்தேகத்தில் இரண்டாவது தரம் போட்டுவிடாதீர்கள்; அழுத்தக் குளிசையிலும் நீரிழிவுக் குளிசையிலும் அது ஆபத்து. நாட்பெயர் எழுதிய பெட்டியோ, போட்டவுடன் நாட்காட்டியில் இடும் குறியோ நினைவை நம்பும் தேவையையே நீக்கிவிடும்.

"இடம்பெயர்ந்த கதையை அம்மா ஒருவிதமாச் சொல்லுறா, பெரியண்ணா வேறமாதிரிச் சொல்லுறார். ஆர் சொல்லுறது பொய்?"

இக்கேள்விக்கு விரிவாகவே பதில் சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் இதனால் குடும்பங்களுக்குள் மனத்தாங்கல் வந்ததையும், விசாரணைகளில் முரண்பாடு என்று காட்டி மனிதர்களை நம்பாமல் விட்டதையும் கண்டிருக்கிறேன். கிளிநொச்சியிலிருந்து தருமபுரம், விசுவமடு, உடையார்கட்டு, புதுக்குடியிருப்பு, மாத்தளன் என்று சில மாதங்களுக்குள் ஒரு குடும்பம் எத்தனை முறை கூடாரம் அடித்தது? ஒவ்வோர் இடத்திலும் அதே தறப்பாள், அதே பதுங்குகுழி, அதே கஞ்சி, அதே ஒலி. முந்தைய பதிலில் குளிசைக்குச் சொன்னது இங்கும் பொருந்தும்: ஒன்றையொன்று ஒத்த சூழல்களில் நடந்தவை எளிதில் இடம் மாறிக்கொள்ளும். உறக்கமின்மையும் பசியும் அச்சமும் பிணைப்பை மேலும் தளர்த்தும்.

நடந்தது நடந்தது என்ற நினைவு உறுதியாக நிற்க, அது எந்த இடத்தில், எதற்கு முன், எதற்குப் பின் என்பது குழம்பலாம். திகதியை நாம் உய்த்துணர்கிறோம் என்று மேலே சொன்னேன். அம்மா ஓர் அடையாளத்தைக் கொண்டும் பெரியண்ணா வேறோர் அடையாளத்தைக் கொண்டும் உய்த்துணர்ந்தால் விடைகள் வேறுபடும். பிறர் சொல்லக் கேட்டதும் தாம் கண்டதும் கலப்பதும் இவ்வாறே, ஏனெனில் யாரிடமிருந்து அறிந்தோம் என்பதும் சூழலின் ஒரு பகுதி. ஆகவே வரிசை மாறுவதை மட்டும் வைத்து ஒருவரைப் பொய்யர் என்று முடிவு கட்டுவதற்கு நினைவு ஆய்வில் இடமில்லை. இருவர் சொல்வதையும் திருத்தாமல் தனித்தனியே எழுதிவைப்பதே நல்லது.

"இவ்வளவு வருசம் போயும் கோயில் வெடி கேட்டால் உடம்பு நடுங்குது. திருவிழா எண்டு தெரியும், ஆனாலும் நடுங்குது."

அச்சத்துக்கும் சூழலுக்கும் வழிகள் முற்றாக ஒன்றல்ல. ஒலியோடு வலியைச் சேர்த்துக் கற்ற எலிகள் அந்த ஒலிக்கும் அஞ்சும், நடந்த கூட்டுக்கும் அஞ்சும். ஃபிலிப்சும் ஜோசப் லெடூவும் 1992இல் காட்டியதன்படி, அமிக்டலா பாதிக்கப்பட்டால் இரண்டு அச்சமும் இல்லை. ஹிப்போகாம்பஸ் பாதிக்கப்பட்டால் கூட்டின் மீதான அச்சம் மட்டும் போய், ஒலியின் மீதான அச்சம் நிற்கிறது. கடும் அதிர்ச்சியில் அமிக்டலாவின் பதிவு வலுத்து, "அது 2009, அது அந்த இடம்" என்ற பிணைப்பு நலிந்துவிடுகிறது என்பது ஆய்வாளர் பலர் முன்வைக்கும் விளக்கம். எல்லாரும் அதை ஏற்பதில்லை; ஆனால் திருவிழா என்று அறிந்தும் உடல் நடுங்குவது ஏன் என்பதை அது நன்கு விளக்குகிறது. இது கோழைத்தனமும் அன்று, நம்பிக்கைக் குறைவும் அன்று.

சிகிச்சை பழைய அச்சத்தை அழிப்பதில்லை. "இங்கே இந்த ஒலி ஆபத்தன்று" என்ற புதிய நினைவைச் சேர்க்கிறது. இப்புதிய நினைவு தான் கற்ற சூழலோடு இறுகப் பிணைவது என்று மார்க் பூட்டனின் ஆய்வுகள் காட்டின. சிகிச்சை அறையில் தேறியவருக்கு வீட்டில் அச்சம் திரும்புவது அதனால்தான், அது தோல்வி அன்று. பல இடங்களில் பயிற்சி தேவை. உறக்கமும் வேலையும் கெடும் அளவுக்கு இருந்தால் மாவட்ட வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்குச் செல்லுங்கள். தாமாகவே வெடிச்சத்தத்துக்கு நடுவே போய் நின்று பழகலாம் என்று முயலவேண்டாம்.

"எங்கட பழைய வீடு இருந்த இடத்தில இப்ப ஒண்டுமே இல்லை. அங்க போகாட்டி அந்த நினைவெல்லாம் அழிஞ்சு போகுமோ?"

அழியாது. இடம் ஒரு தூண்டல் மட்டுமே. அறையை எண்ணிப் பார்ப்பதே பயன் தரும் என்ற ஸ்மித்தின் முடிவை மேலே கண்டோம். ரொனால்ட் ஃபிஷர், எட்வர்ட் கைசல்மன் ஆகியோர் 1980களில் சாட்சிகளுக்காக உருவாக்கிய நேர்காணல் முறையிலும் இதுவே முதற்படி: நிகழ்வைக் கேட்பதற்கு முன், இடத்தையும் வெளிச்சத்தையும் ஒலிகளையும் அன்றைய மனநிலையையும் சாட்சியே மனத்தில் மீட்டெடுக்கச் செய்கிறார்கள். வளவின் படத்தைத் தாளில் வரையுங்கள். கிணறு, படலை, வேலியோரப் பனைகள், மாட்டுக்கொட்டில் என்று குறித்துக்கொண்டே போனால் அவற்றோடு பிணைந்தவை ஒவ்வொன்றாக வரும். நேரில் போனால் மிஞ்சிய கிணற்றுக்கட்டு சிலவற்றை எழுப்பும், புதிய வீதியும் மதிலும் அதற்குக் குறுக்கே நிற்கும். இரண்டுக்கும் ஆயத்தமாகப் போங்கள்.

"2008இல தம்பிக்கு ரெண்டு வயசு. பங்கருக்குள்ள இருந்தது நினைவிருக்கெண்டு சத்தியம் பண்ணுறான். இருக்குமோ?"

மூன்று வயதுக்கு முந்தைய நிகழ்வுகள் வளர்ந்தபின் பெரும்பாலும் எவருக்கும் மீட்கக் கிடைப்பதில்லை. ஹிப்போகாம்பஸ் அப்போது முதிர்ந்துகொண்டிருப்பதும் அதற்கு ஒரு காரணம். தம்பி அக்கதையைப் பலமுறை கேட்டிருப்பான். கேட்டபோது மனத்தில் எழுந்த காட்சி பதிந்து, அது கேட்டதால் வந்தது என்ற பிணைப்பு கழன்றிருக்கலாம். அவன் மனமறிந்து பொய் சொல்லவில்லை.

நினைவு ஒவ்வொரு முறை மீட்கப்படும்போதும் சிறிது நெகிழ்ந்து மீண்டும் இறுகுகிறது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். 2000இல் கரீம் நாடெர் குழுவினர், மீட்கப்பட்ட அச்ச நினைவின் மறுபதிவை எலியின் அமிக்டலாவில் மருந்தால் தடுத்தபோது அந்நினைவே நலிந்தது. மனிதரில் இது எவ்வளவு தூரம் பொருந்தும் என்பதில் விவாதம் தொடர்கிறது. ஆனால் பின்னர் கேட்ட விவரம் முன்னர் கண்டதோடு கலக்கும் என்பதை எலிசபெத் லொஃப்டஸின் ஆய்வுகள் 1970களிலிருந்தே காட்டிவருகின்றன.

"எது வழமையான மறதி, எதுக்கு டொக்டரிட்டைப் போகோணும்?"

ஒரு குறிப்புக் கொடுத்தால் நினைவு திரும்புகிறதா என்று பாருங்கள். "போன கிழமை கலியாண வீட்டில மழை பெய்ததே" என்றவுடன் "ஓமோம்" என்று மிச்சத்தையும் சொன்னால், பிணைப்பு இருக்கிறது, எழுப்பத்தான் தாமதம். எத்தனை குறிப்புக் கொடுத்தும் கலியாணத்துக்குப் போனதே இல்லை என்பது, அதே கேள்வியைச் சில நிமிடங்களில் திரும்பக் கேட்பது, பழகிய ஒழுங்கையில் வழி தவறுவது ஆகியவை வேறு வகை. அல்சைமர் நோய் வழமையாக முதலில் தாக்கும் இடங்கள் என்ரோரைனல் மேற்பட்டையும் ஹிப்போகாம்பஸும் ஆதலால், அண்மைய நிகழ்வுகள் முதலில் போய், இளமைக் கதைகள் நெடுநாள் நிற்கும். பழையதெல்லாம் நன்றாகச் சொல்கிறா என்று ஆறுதல்பட்டு இருந்துவிடக்கூடாது.

அதே வேளை, இத்தகைய மறதி எல்லாமே அந்நோய் அன்று. பீ12 உயிர்ச்சத்துக் குறைபாடு, தைரொயிட் சுரப்புக் குறைவு, மனச்சோர்வு, சில மருந்துகள் ஆகியவையும் நினைவைக் குழப்பும். இவற்றில் பல இரத்தப் பரிசோதனையில் தெரியக்கூடியவை, சரிசெய்யவும் கூடியவை. வைத்தியரிடம் போகும்போது கூட இருப்பவர் ஒருவரும் போகவேண்டும். எது எப்போதிருந்து மாறியது என்பதை மறப்பவரால் சொல்ல முடியாது.